புஹி ஏரியும் சினாரப்பான் மீனும்

உருவத்தால் சிறியது எதுவும் இன்னும் வளர்ச்சி பெறாதது என்று கருதுவது மக்களிடையே ஊறிப்போன எண்ணமாகும். மீன்பிடித் தொழிலை நெறிப்படுத்த எழுந்த சட்டங்களும் பெரும்பாலும் இவ்வெண்ணத்தையே அடிப்படையாகக் கொண்டவை. இன்றைய சிறு மீன் நாளைய பெருமீன். அதனைப் பிடிப்பது விதைநெல்லைக் குத்தி உண்பதற்கு ஒப்பாகும். ஆகவே நெருங்கிய கண்களையுடைய வலையை விலக்க வேண்டும் என்பதே அச்சட்டங்களின் நோக்கம். பிலிப்பைன்ஸ் அரசு 1975ஆம் ஆண்டு பிறப்பித்த மீன்வள ஆணையும், இழுத்துப் பிடித்த நிலையில் 3 செண்டிமீட்டருக்குக் குறைந்த கண்களையுடைய வலைகளைத் தடைசெய்தது. ஆயினும், இயல்பிலேயே சிறியனவாகவும், அந்நிலையிலேயே முதிர்ச்சி பெற்றனவாகவும் உள்ள இனங்களுக்கு அத்தடை பொருந்தாது என்று அது ஒரு விலக்கும் அளித்தது. 1998இல் வந்த புதிய மீன்வளச் சட்டம் மேலும் ஒருபடி சென்று, விலக்குப் பெறுவனவற்றுள் ஒன்றைத் ‘தபியோஸ்’ என்று பெயர் சுட்டியே குறிப்பிட்டது.

தபியோஸ் என்பது லூசோன் தீவின் தென்கிழக்கில் வாழும் பிக்கோல் மக்கள் மிகச் சிறிய உழுவை மீன்களுக்கு வழங்கும் பெயர். அவற்றுள் புகழ் பெற்றது சினாரப்பான். ஓர் அரிசியின் நீளத்தைவிடச் சற்றே மிகுந்த இம்மீன், ஒரு நாட்டின் சட்டத்தில் இடம்பெறும் அளவிற்கு எவ்வாறு உயர்ந்தது? அவ்வாறு உயர்ந்த பின்னரும் தன் சொந்த ஏரியில் எவ்வாறு அருகிப் போயிற்று? இவ்விரு வினாக்களுக்கும் விடை காணின், சிறியனவற்றை மனிதர் எவ்வாறு மதிக்கின்றனர் என்பதும் உடன் விளங்கும்.

உழுவைக் குடி

உழுவை என்னும் சொல்லுக்குத் தமிழ் அகராதிகள் இருபொருள் கூறும். ஒன்று புலி, மற்றொன்று ஆற்றிலும் குளத்திலும் வாழும் ஒருவகை மீன். இம்மீன் சார்ந்த குடி மிகப் பெரியது. ஏறத்தாழ 2,000 இனங்கள் இதில் அடங்கும். மலேசியச் சதுப்புக் கரைகளில் சேற்றின்மேல் தாவித் திரியும் பெலாச்சாக்கும் இவ்வுறவைச் சேர்ந்ததே. இக்குடியினவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு வயிற்றுப்புறத்துத் துடுப்புகள் இரண்டும் ஒன்றாக இணைந்து ஒரு சிறு கிண்ணம்போல் அமைந்திருக்கும். ஓடும் நீரில் கல்லைப் பற்றிக்கொண்டு நிலைத்து நிற்க அது துணைபுரியும்.

சினாரப்பான் இக்குடியின் மிகச் சிறிய பிள்ளைகளுள் ஒன்று. ஆண்மீன் ஏறத்தாழ 12 மில்லிமீட்டரும், பெண்மீன் அதனினும் சற்று மிகுதியாகவும் வளரும். நம் சமையலறையில் காணும் நெத்திலி இதன் அருகே வைக்கப்பட்டால் பேருருவமாகத் தோன்றும். இதன் உடல் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிவது. கூட்டம் நீரில் செல்லும்போது முதலில் தென்படுவன கரிய கண்களே. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களே இதன் உணவு. நன்னீரை விட்டுக் கடலுக்குச் செல்லாமல், பிறந்த நீரிலேயே வாழ்ந்து, கரையோர நீர்ச்செடிகளை அண்டி முட்டையிட்டு, அங்கேயே முடிவது இதன் வாழ்வு.

ஏரி பிறந்த கதை

காமரினெஸ் சூர் மாநிலத்தில், இரிகா, மலினாவ் என்னும் இரு எரிமலைகளின் இடையே புஹி ஏரி அமைந்துள்ளது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 80 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 18 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடப்பது இது. உலகம் நன்கறிந்த மாயோன் எரிமலையும் இதற்குத் தொலைவில் இல்லை. நெருப்பு மலைகள் சூழ்ந்த நிலத்தில் குளிர்ந்த நீர்நிலை தோன்றியது எவ்வாறு என்பதற்கு அவ்வூரார் ஒரு வரலாறு கூறுவர்.

பிரான்சிஸ்கன் துறவியர் 1855இல் மணிலாவில் வெளியிட்ட நிலநூல் ஒன்றில் அவ்வரலாறு பதிவாகியுள்ளது. 1641ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் மலை ஒன்று சரிந்து வீழ்ந்ததாகவும், அவ்விடத்தில் ஏரி தோன்றியதாகவும், புஹி ஊரார் பின்னர் அதன் கரைக்குக் குடிபெயர்ந்ததாகவும் அந்நூல் கூறும். 1859க்கும் 1860க்கும் இடையே அப்பகுதியில் பயணம் செய்த செருமானியர் பியோடர் யாகோர், 1873இல் வெளியிட்ட தம் பயண நூலில் இச்செய்தியை எடுத்தாண்டார். சிங்கப்பூர், மலாக்கா, சாவகம் ஆகியவை பற்றியும் 1866இல் நூல் எழுதியவர் இவர்.

இரிகா மலையின் ஒருபக்கம் இடிந்து ஓடைகளை மறித்ததனால் நீர் தேங்கி ஏரியாயிற்று என்பதில் ஐயமில்லை. மலையின் உடைந்த தோற்றமும், அடிவாரத்தில் சிதறிக் கிடக்கும் மேடுகளும் அதற்குச் சான்றாக நிற்கின்றன. அது நிகழ்ந்த காலம் பற்றி மட்டும் வேறு கருத்துகள் உள்ளன. 1641க்கு நெடுங்காலம் முன்னரே அச்சரிவு நிகழ்ந்திருக்கலாம் என்பாரும் உளர். ‘புஹி’ என்னும் பெயருக்குத் தப்பிப் பிழைத்தல் என்று பொருள் கூறி, பேரிடரினின்று தப்பியவர் குடியேறிய ஊர் ஆதலின் அப்பெயர் பெற்றது என்பது மரபு.

இங்கு மாணவர் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஏரி பிறந்தது 1641இல் எனக் கொண்டாலும், மீனினம் ஒன்று நானூறு ஆண்டிற்குள் புதிதாகத் தோன்றிவிட இயலாது. மேலும் சினாரப்பான் அதே மாநிலத்துப் பாத்தோ ஏரியிலும் வாழ்வதாக அறியப்பட்டுள்ளது. ஆதலின், ஏரிக்கு முன்னரே இம்மீன் அந்நிலத்து ஓடைகளில் இருந்திருத்தல் வேண்டும். மலை இடிந்து ஓடை மறிக்கப்பட்டபோது, மக்களுக்குப் பேரழிவாக வந்தது மீனுக்குப் பெருவாழ்வாக அமைந்தது எனலாம். ஓடையில் ஒதுங்கி வாழ்ந்த சிற்றுயிருக்கு ஓர் ஏரியே வீடாகக் கிடைத்தது.

பெயரும் வலையும்

பிக்கோல் மொழியில் ‘சரப்’ என்பது நுண்கண் வலையைக் குறிக்கும். அவ்வலையால் வாரப்பட்டது என்னும் பொருளிலேயே ‘சினாரப்பான்’ என்ற பெயர் அமைந்தது. மீனின் நிறத்தையோ வடிவையோ நோக்காமல், பிடிக்கும் கருவியை நோக்கி இட்ட பெயர் இது. இம்மீனைத் தனித்தனியே கண்டவர் எவருமிலர். திரளாகவே கண்டனர், திரளாகவே உண்டனர் என்பதை இப்பெயரே உணர்த்துகிறது.

மீனவர் நெருங்க நெய்த வலையால் நீரை வாரிக் கூடையில் கொட்டுவர். நீர் வடிந்தபின் எஞ்சுவது மீன் என்று பிரித்தறிய இயலாத ஒரு வெண்திரள். அதனைத் தேங்காய்ப்பாலும் மிளகாயும் கூட்டிச் சமைத்து உண்பர். மிஞ்சியதை இலைகளின்மேல் பரப்பி வெயிலில் உலர்த்தி வைப்பர். முள்ளெடுக்க வேண்டாத, தலைகொய்ய வேண்டாத, முழுமையாக உண்ணத்தக்க உணவு அது. கரையோரத்து எளிய குடும்பங்களுக்குச் சோற்றுக்குத் துணை அதுவே. எவரும் முதலிட்டு வளர்க்காமல், ஏரி தானே ஈந்த கொடை அது.

உலகம் அறிந்த ஆண்டு

1898இல் பிலிப்பைன்ஸ் தீவுகள் ஸ்பானியர் கையிலிருந்து அமெரிக்கர் கைக்கு மாறின. அடுத்த ஆண்டு தொடங்கிய விடுதலைப் போர் 1902இல் ஓய்ந்ததாக அமெரிக்க அரசு அறிவித்தது. அதே 1902இல் அமெரிக்க மீன்துறை அறிஞர் ஹியூ மெக்கார்மிக் ஸ்மித், புஹியிலிருந்து வந்த மாதிரிகளை ஆராய்ந்து, ‘சயன்ஸ்’ இதழில் அதுவரை அறியப்பட்ட முதுகெலும்பு உயிர்களுள் மிகச் சிறியது இதுவே என்று அறிவித்தார். அவர் இட்ட அறிவியற்பெயர் மிஸ்டிக்திஸ் லூசோனென்சிஸ். லூசோனைச் சேர்ந்த மிகச் சிறிய மீன் என்பது அதன் பொருள். இதே ஸ்மித் 1923 முதல் சயாம் அரசின் மீன்வள ஆலோசகராகவும் பணியாற்றினார். அந்நாட்டு நன்னீர் மீன்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூல், அவர் மறைந்தபின் 1945இல் வெளிவந்தது.

மீன்குஞ்சு எனக் கருதத்தக்க அவ்வுடலுக்குள் முதிர்ந்த முட்டைகள் இருந்தமையே அவரது முடிவிற்கு அடிப்படையாகும். இது வளராத மீன் அன்று, வளர்ந்து முடிந்த மீன் என்பது அவ்வாறே தெளிவாயிற்று. புஹி மீனவர் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த உண்மையை அன்றுதான் அறிவியல் ஏற்றுக்கொண்டது.

பெயரிட்ட ஊரார் வலையைக் கண்டனர். பெயரிட்ட அறிஞர் அளவைக் கண்டார். ஆனால் அளவால் வந்த புகழ் நெடுநாள் நிலைக்கவில்லை. 1927இல் மணிலாவில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹெர், மணிலாவை அடுத்த மாலபோன் ஆற்றிலிருந்து பண்டாக்கா பிக்மேயா என்னும் மற்றோர் உழுவையை உலகிற்கு அறிவித்தார். அது சினாரப்பானினும் சிறியது. 2006இல் சுமத்திராவின் கரிச்சதுப்பு நீரிலிருந்து, 7.9 மில்லிமீட்டர் நீளத்திலேயே முதிர்ச்சி பெறும் கெண்டைக் குடி மீன் ஒன்றை, சிங்கப்பூர் ஆய்வாளரும் இடம்பெற்ற குழு வெளியிட்டது. அதன் உடன்பிறப்பான மற்றோர் இனம் சரவாக்கில் வாழ்கிறது. 2012இல் பாப்புவா நியூகினித் தவளை ஒன்று முதுகெலும்பிகளுள் மிகச் சிறியது என்னும் பெயரைப் பெற்றது. பின்னர் பிரேசில் நாட்டுத் தேரை ஒன்று அதனையும் முந்திற்று.

பட்டங்கள் இவ்வாறு கைமாறிக்கொண்டே இருப்பவை. சினாரப்பானுக்கு எஞ்சிய சிறப்பு ஒன்றுதான். மற்றவை ஆய்வுக்கூடத்துப் புட்டிகளில் இடம்பெற்றவை; இதுவோ மக்களின் உணவுத் தட்டில் இடம்பெற்றது. வாணிகத்திற்காகப் பிடிக்கப்பட்ட மீன்களுள் உலகிலேயே மிகச் சிறியது என்று இதனைக் குறிப்பிடுவர்.

பெரிய மீனின் வருகை

இம்மீனின் வீழ்ச்சிக்குக் காரணம் இரண்டு. ஒன்று வலை, மற்றொன்று வந்தேறி மீன்.

பழைய கைவலை, ஒரு குடும்பம் உண்ணவும் சிறிது விற்கவும் போதுமானதை வாரிற்று. பின்னர்ச் ‘சாக்காக்’ எனப்படும் பெரிய தள்ளுவலை பரவியது. படகில் பொருத்தி இயந்திர விசையால் செலுத்தப்படும் நிலை வந்தபோது, அவ்வலை நீர்ப்பரப்பையே அரித்தெடுப்பதாயிற்று. நுண்கண் வலையின்றிச் சினாரப்பானைப் பிடிக்க இயலாது. சட்டமும் அதனை ஒப்புக்கொண்டு விலக்கு அளித்தது. ஆனால் வலைக்கண்ணின் அளவைப் பற்றிப் பேசுவது வேறு. எத்தனை வலை, எத்தனை நாள், எந்தப் பருவத்தில் என்பது வேறு. முட்டை தாங்கிய மீனும் அதே அளவினதே. ஆதலால், பெரிய கண்ணுள்ள வலை பிற இனங்களின் குஞ்சுகளைத் தப்பவிடுவதுபோல, இம்மீனின் அடுத்த தலைமுறையைத் தப்பவிடும் வலை எதுவும் இல்லை.

வந்தேறி மீனின் வரலாறு மலேசியாவோடும் தொடர்புடையது. ஆப்பிரிக்க நாட்டுத் திலாப்பியா 1939இல் சாவகத் தீவில், செராங் ஆற்றின் முகத்துவாரத்தில் காணப்பட்டது. அதனைக் கண்டு வளர்த்த மூஜாயிர் என்பவரின் பெயராலேயே இந்தோனேசியர் அதனை இன்றும் அழைப்பர். சப்பானியர் ஆட்சிக்காலத்தில் அது மலாயாவிற்கு வந்தது. ‘சப்பான் மீன்’ என்ற பெயரும் பெற்றது. 1949இல் பினாங்கிலிருந்து தாய்லாந்திற்கும், 1950இல் தாய்லாந்திலிருந்து பிலிப்பைன்ஸுக்கும் சென்றது. பின்னர் வந்த நைல் திலாப்பியாவின் கதையும் இத்தகையதே. சப்பானிய இளவரசர் அகிஹித்தோ 1965இல் தாய்லாந்து மன்னருக்கு 50 மீன்களை அன்பளிப்பாக அனுப்பினார். 1972இல் அவ்வினம் பிலிப்பைன்ஸை எட்டியது.

இவற்றைக் கொண்டு சென்றவர் எவரும் தீயவர் அல்லர். போருக்குப் பிந்திய வறுமையில் மக்களுக்கு மலிவான புலால் உணவு வேண்டும் என்னும் நன்னோக்கமே அவர்களை இயக்கியது. அந்நோக்கம் நிறைவேறியதும் உண்மை. ஆயினும் ஏரி என்பது வெறும் நீர் நிறைந்த தொட்டியன்று; அதில் முன்னரே குடியிருப்போர் உளர் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. திலாப்பியாவும் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை உண்பது. அதுவும் கரையோரத்து ஆழமற்ற நீரையே நாடுவது. உணவிலும் இடத்திலும் சினாரப்பானுக்குப் போட்டி எழுந்தது.

1980களின் தொடக்கத்தில் புஹி ஏரியில் திலாப்பியாக் கூண்டு வளர்ப்பு ஒரு தொழிலாகவே நிலைபெற்றுவிட்டது. வலைக்கூண்டுகளை நீரில் இறக்கி மீன் வளர்ப்பவர்க்கு வருவாய் கிடைத்தது; முதலில்லாத எளிய மீனவர்க்கோ வலை வீசும் இடம் சுருங்கிற்று. எவர்க்கும் உரிமையில்லாமையால் எல்லார்க்கும் உரியதாயிருந்த ஏரி, இவ்வாறு சிறிது சிறிதாகக் கூண்டுகளாகப் பங்கிடப்பட்டது. கூண்டுகள் பெருகியபின், ஏரியின் அடிநீர் கந்தகத்தோடு மேலெழும் காலங்களில் திலாப்பியாவும் கூட்டங்கூட்டமாக மடிந்து மிதந்தது. பெரிய மீனுக்கும் அந்த ஏரி நிலையான புகலிடமாக அமையவில்லை. இவற்றிற்கிடையே, ஒரு காலத்தில் கூடைகூடையாக வாரப்பட்ட சினாரப்பான், புஹி ஏரியில் தேடிக் காணவேண்டிய பொருளாயிற்று.

இலானாவ் காட்டும் பாடம்

இவ்வாறு அருகிய இனம் முற்றும் அற்றுப்போவது இயலாத ஒன்றன்று. அதே நாட்டின் மிண்டானாவ் தீவிலுள்ள இலானாவ் ஏரியே அதற்குச் சான்று. அவ்வேரிக்கே உரிய கெண்டைக் குடி மீன்கள் பலவற்றை, முன்னர்க் கூறிய ஹெர் 1924இல் ஆராய்ந்து வெளியிட்டார். பின்னர் வெளியிலிருந்து பிற மீன்கள் புகுந்தன. மீன்பிடிப்பும் அளவு மீறியது. 2020இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், அவ்வேரிக்கே உரியவற்றுள் 15 இனங்கள் அற்றுப்போயின என்று அறிவித்தது. அங்கே புகுந்த வந்தேறிகளுள் உழுவைக் குடியைச் சேர்ந்த ஒன்றும் இருந்தது. புஹியில் இடமிழந்த குடியினதே, இலானாவில் பிறரை இடமிழக்கச் செய்தது. ஆகவே நல்ல மீன், கெட்ட மீன் என்று உயிர்களைப் பிரித்தல் பொருந்தாது. எவ்வுயிரும் தன் நீரில் அளவோடு வாழும். அயல்நீரில் மனிதர் கொண்டுபோய் விட்டால் அளவு கெடும்.

மலைமேல் எஞ்சிய வித்து

சினாரப்பான் அந்நிலையை அடையாமல் காத்தது, எவரும் பொருட்படுத்தாத ஒரு சிற்றேரி. புஹி வட்டாரத்து மேட்டு நிலத்தில் மனப்பாவ் என்னும் பெயருடைய ஏரி ஒன்று உள்ளது. புஹி ஏரியோடு ஒப்பிட்டால் அது ஒரு குளமேயாகும். பெரிய ஏரியில் மீன் அருகியபின் இங்கே அது வாழ்ந்துகொண்டிருந்தது கண்டறியப்பட்டது. காத்துக்டாய் என்னும் மற்றொரு சிற்றேரியிலும் இம்மீன் உண்டு. மீன்வளத் துறையும் ஊராட்சியும் மனப்பாவ் ஏரியைச் சினாரப்பானின் காப்பிடமாகக் கொண்டன. வேளாண்மையில் விதைக்கென ஒதுக்கிவைக்கும் நெற்குதிர் எத்தகையதோ, அத்தகையது அந்தச் சிற்றேரி.

எனினும் குதிரில் நெல் இருப்பதனால் மட்டும் வயல் விளைந்துவிடாது. புஹி ஏரியின் கரையோரச் செடிகளும், அளவோடு அமைந்த கூண்டுகளும், பருவமறிந்து ஓயும் வலைகளும் இருந்தாலன்றி, மேலிருந்து கொண்டுவரும் மீன் கீழே நிலைபெறாது. இப்பொறுப்பை மேற்கொள்ள வேண்டியவரும் அக்கரை மக்களே. அவர்கள் கூண்டு மீனையும் விடவியலாது. பழைய மீனையும் விடலாகாது. வாழ்வுக்கும் மரபுக்கும் இடையே வழி காண வேண்டிய இந்நெருக்கடி அவர்க்கு மட்டுமே உரியதன்று.

இவ்வரலாற்றை வகுப்பறையில் எடுத்துரைக்கும் ஆசிரியர், மிகச் சிறிய மீன் எது என்னும் வினாவோடு நிறுத்திவிடலாகாது. அவ்வினாவிற்குரிய விடை ஒரு நூற்றாண்டிற்குள் பலமுறை மாறிவிட்டது, இனியும் மாறலாம். மாறாத விடையைச் சட்டம் எழுதியவர்களே தந்துள்ளனர். இயல்பில் சிறியவை உண்டு. அவை அந்நிலையிலேயே முதிர்ந்தவை. பெரியவற்றுக்குரிய அளவுகோலால் அவற்றை அளத்தல் கூடாது. அவ்வுண்மையை எழுதிவைத்த சட்டம், அம்மீனைப் பிடிப்பவர்க்கு வழிவிட்டது. அம்மீன் வாழ்வதற்கு வழிவிட்டதோ, மேட்டு நிலத்தில் ஒரு சிறு குளத்தளவு நீர்.